கடலூரில் ஒருமுறை நடந்த பாடம்: அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

பள்ளி திறக்கப்போகிறது. புத்தகம் வழங்குவது, எமிஸ் பதிவு, புதிய சேர்க்கை என்று உங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஆனாலும் இந்தக் கடிதத்தை இப்போதே எழுதுகிறேன். ஜூலை வந்துவிட்டால் போர்ஷன் துரத்த ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு வகுப்பை எப்படி நடத்துவது என்று யோசிக்க யாருக்கும் பொழுதிருக்காது.

பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளில் சாலை வரைபடக் கேள்வி ஒன்று வரும். ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் வழி கேட்கிறார். மருத்துவமனைக்கோ நூலகத்துக்கோ போக வேண்டும். படத்தைப் பார்த்து அவருக்கு வழி சொல்ல வேண்டும். அந்த வினாத்தாளில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அதுதான். தனக்குத் தெரிந்த ஒன்றை, தெரியாத இன்னொருவருக்கு ஒரு பிள்ளை மொழியால் எடுத்துச் சொல்கிறது. மொழி இருப்பதே அதற்குத்தானே. ஆனால் மெல்லக் கற்போருக்கென்று கைமாறும் மெட்டீரியல்களில் அந்தக் கேள்வி என்ன ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும். 'கோ ஸ்ட்ரெயிட், டர்ன் லெஃப்ட், யூ வில் ஃபைண்ட் இட் ஆன் யுவர் ரைட்' என்று மூன்று வரி. எந்தப் படம் வந்தாலும் அதே மூன்று வரி. படத்தில் மருத்துவமனை வலப்பக்கம் இருந்தாலும் பிள்ளை இடப்பக்கம் திருப்பிவிடுகிறது. விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று வரியையும் இரவெல்லாம் உருப்போட்டு வந்த பிள்ளை அது. படத்தைப் பார்த்து யோசிப்பதற்கும் ஆங்கில வகுப்புக்கும் சம்பந்தம் உண்டு என்று மட்டும் அதற்கு யாரும் காட்டவில்லை.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆங்கிலப் பீரியடில் பிள்ளையின் மனம் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றில் அது முனைந்திருந்தால் மொழி கூடவே வந்து சேரும். வாக்கியத்தை ஒப்பிப்பதில் மட்டும் முனைந்திருந்தால் அந்த வாக்கியம் தேர்வு வரைக்கும் தாங்கும், அதற்குமேல் தாங்காது. மாணவரை முன்வைத்து மொழி கற்பிப்பது பற்றி எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருப்பீர்கள். அவற்றில் பெஞ்சைப் பற்றியும் குழுவைப் பற்றியும் அட்டையைப் பற்றியும் நிறையப் பேசுவார்கள். இந்த ஒன்றைப் பற்றிப் பேசுவது குறைவு.

இரண்டாம் மொழி கற்பித்தல் பற்றி உலகம் முழுவதும் படிக்கப்படும் ஒரு சோதனை, நம் கடலூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள சாதாரணப் பள்ளிகளில் நடந்தது. பணிவழி மொழி கற்பித்தல் என்ற துறையைப் பற்றி எந்த நாட்டில் புத்தகம் எழுதினாலும் அதன் தொடக்கப் பக்கங்களில் 'பெங்களூர்த் திட்டம்' என்ற பெயரில் அந்தச் சோதனை வந்துவிடும். நம் பி.எட். மாணவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு இது பெரிய வருத்தம்.

அதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1950களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி பெரிய அளவில் தொடங்கியது. இலக்கு 27,000 ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சி பெற்று, அவர் பலருக்குக் கொடுத்து, அவர்கள் மேலும் பலருக்குக் கொடுப்பது என்ற ஏற்பாடு. 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. அதன் வழியாகப் பரவியதுதான் கட்டமைப்பு முறை. ஒரு பாடத்துக்கு ஒரு வாக்கிய அமைப்பு. ஆசிரியர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி 'திஸ் இஸ் எ புக்' என்பார், வகுப்பே திரும்பச் சொல்லும். கதவைக் காட்டி 'தட் இஸ் எ டோர்' என்பார், அதையும் சொல்லும். தமிழில் பொருள் எழுதி இலக்கண விதியை ஒப்பித்த காலத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம். பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள். ஆனால் எழுபதுகள் வந்தபோது ஒரு சந்தேகம் எழுந்தது. வகுப்பில் பிழையில்லாமல் சொல்லும் வாக்கியத்தை, வகுப்பைத் தாண்டியதும் பிள்ளையால் எடுத்துப் பயன்படுத்த முடியவில்லை. கதவு கதவுதான் என்று வகுப்பில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். தெரிந்ததை ஏன் இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும்?

சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபுவும், பெங்களூரில் உள்ள தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தோடு தொடர்புடைய சில ஆசிரியர்களும் இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 1979 முதல் 1984 வரை எட்டு வகுப்புகளில், ஒவ்வொன்றிலும் ஓராண்டிலிருந்து மூன்றாண்டுகள் வரை, அவர்கள் வேறு மாதிரியாக நடத்திப் பார்த்தார்கள். எந்த வாரம் எந்த இலக்கணம், எந்தச் சொல் என்ற பட்டியலையே எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் வேலைகளின் வரிசை ஒன்றை வைத்தார்கள். ரயில் அட்டவணையைப் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுப்பது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது, பள்ளிக் கால அட்டவணையை வைத்து எந்த ஆசிரியர் எப்போது ஓய்வாக இருப்பார் என்று சொல்வது, இப்படி. மனம் பொருளைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் மொழியின் அமைப்பு நன்றாகப் படிகிறது என்பது அவர்களின் நம்பிக்கை.

அந்தப் பாணியில் நம் ஊருக்கு ஏற்ற ஒரு பாடத்தை விரித்துச் சொல்கிறேன்.

கரும்பலகையில் பண்ருட்டியிலிருந்து கடலூருக்கு மூன்று பேருந்துகள் போடுங்கள். நேரத்தை உங்கள் வசதிக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் வண்டி 7.30க்குப் புறப்பட்டு 8.20க்குப் போய்ச் சேர்கிறது. இரண்டாவது 8.05க்குப் புறப்பட்டு 8.55க்கு. மூன்றாவது 8.40க்குப் புறப்பட்டு 9.30க்கு. இனி ஆங்கிலத்தில் கேளுங்கள். முதல் வண்டி எப்போது புறப்படுகிறது? எப்போது சேர்கிறது? எவ்வளவு நேரம் ஓடுகிறது? இரண்டாவது வண்டியும் அதே நேரம்தான் எடுத்துக்கொள்கிறதா? இவற்றுக்கெல்லாம் ஒரு சொல்லில் பதில் போதும். பதில் பலகையிலேயே இருக்கிறது, பார்த்துச் சொல்லலாம். அதன் பிறகு ஒரு ஆளைக் கொண்டுவாருங்கள். செல்வி என்ற பெண்ணுக்குக் கடலூரில் ஒன்பது மணிக்குத் தேர்வு. பேருந்து நிலையத்திலிருந்து தேர்வு நடக்கும் பள்ளிக்குப் பத்து நிமிட நடை. அவள் எந்த வண்டியில் ஏற வேண்டும்?

இங்கே வகுப்பு சற்று அமைதியாகும். அதைக் கண்டு பதற வேண்டாம். சிலர் '8.05' என்று கத்துவார்கள், 8.55 ஒன்பதுக்கு முன்னால்தானே வருகிறது! 'ஷுட் ஷீ டேக் தட் பஸ்?' என்று மற்றவர்களைக் கேளுங்கள். யாராவது ஒரு பையன் 'நோ சார்' என்பான். ஏன் என்று கேட்டால், 'பஸ் கம் எய்ட் ஃபிஃப்டி ஃபைவ். வாக் டென் மினிட். நைன் ஃபைவ். லேட்' என்பான். அவன் சொன்னதில் இலக்கணம் இல்லை, காரணம் இருக்கிறது. 'எஸ், த பஸ் அரைவ்ஸ் அட் எய்ட் ஃபிஃப்டி ஃபைவ், ஷீ வாக்ஸ் ஃபார் டென் மினிட்ஸ், ஸோ ஷீ வில் பி லேட்' என்று நீங்கள் சரியான வடிவத்தில் சொல்லிவிட்டு மேலே போங்கள். திரும்பச் சொல் என்று அவனை நிறுத்தாதீர்கள். தன் விடை ஏற்கப்பட்ட அந்த நொடியில், அதே கருத்து சரியான ஆங்கிலத்தில் அவன் காதில் விழுகிறது. அந்த வாக்கியத்தைக் கேட்க அவனுக்கு ஒரு காரணம் இருக்கிறது.

இதெல்லாம் வகுப்போடு சேர்ந்து, எல்லோர் காதிலும் விழும்படி நடக்கும் முன்பணி. அடுத்து ஒரு தாளைக் கொடுங்கள். வேறு ஊர், வேறு நேரங்கள், அதே மாதிரிச் சிக்கல். அதை ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய வேண்டும். பலகையில் உள்ள சொற்களை எடுத்துக்கொள்ளலாம், நீங்கள் சொன்ன வாக்கியத்தை இரவல் வாங்கலாம். மதிப்பெண் விடைக்குத்தான். வேலை எவ்வளவு கடினமாக இருக்கலாம் என்பதற்குப் பிரபுவின் குழுவினரிடம் ஓர் அளவுகோல் இருந்தது. வகுப்பில் பாதிப் பேராவது வேலையில் பாதியையாவது சரியாகச் செய்தால் அது அந்த வகுப்புக்கு ஏற்ற கடினம். எல்லோரும் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டால் வேலை எளிது, அடுத்ததைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். யாராலும் முடியாவிட்டால் இறக்க வேண்டும். பாடத்திட்டம் என்ன சொல்கிறது என்பதைவிட இந்த வகுப்பு இன்று என்ன செய்தது என்பது அடுத்த பாடத்தைத் தீர்மானிக்கிறது. மாணவரை முன்வைக்கும் கற்பித்தல் என்றால் எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தெரியாது.

ஒரு நடுநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்பில் இந்தப் பேருந்துப் பாடம் நடந்தபோது நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதுவரை வாய் திறக்காத ஒரு பெண் எழுந்து, 'சார், சண்டே?' என்று கேட்டாள். ஆசிரியருக்குப் புரியவில்லை. அவள் தமிழில் விளக்கினாள். பலகையில் இருக்கிற எட்டு அஞ்சு வண்டி அவள் ஊர் வழியாகப் போகிற வண்டியாம், ஞாயிற்றுக்கிழமை அது வராதாம். தேர்வு ஞாயிற்றுக்கிழமை என்றால் கணக்கே மாறிவிடும் அல்லவா? அந்த ஆசிரியர் செய்ததை நான் இன்றும் பாராட்டுகிறேன். பலகையில் மூன்று வண்டிகளுக்கும் நேரே கிழமைகளை எழுதினார். பாடம் மறுபடி தொடங்கியது. 'டஸ் திஸ் பஸ் ரன் ஆன் சண்டேஸ்?' என்ற கேள்வி அந்தப் பீரியட் முடிவதற்குள் வகுப்பில் பலமுறை வந்துபோனது. யாரும் அதை எழுதிப்போட்டு ஒப்பிக்கச் சொல்லவில்லை.

பிரபு குழுவினர் தங்கள் வேலைகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஒருவரிடம் உள்ள விவரத்தை மற்றவருக்குத் தருவது ஒன்று. தந்த விவரங்களிலிருந்து யோசித்துப் புதிய முடிவுக்கு வருவது இன்னொன்று. தன் விருப்பத்தை, கருத்தைச் சொல்வது மூன்றாவது. தொடக்க நிலையில் மிக நன்றாக வேலை செய்தது இரண்டாவது வகை என்று அவர்கள் கண்டார்கள். யோசிப்பதற்குப் பிடிமானம் இருக்கிறது, விடை சரியா தவறா என்று பிள்ளைக்கே தெரிகிறது. 'உனக்குப் பிடித்த விழா எது, ஏன்?' என்ற மாதிரிக் கேள்வியில் என்ன சொன்னாலும் சரி என்பதால், பிள்ளை தெரிந்த இரண்டு சொல்லோடு முடித்துக்கொள்கிறது. நம் பாடப்புத்தகங்களில் இந்த மூன்றாவது வகை அதிகம் என்பது என் எண்ணம்.

அடுத்து நான் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இவ்வளவு புகழ்பெற்ற அந்தத் திட்டத்தில் குழுவேலையைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள். பிள்ளைகள் பெஞ்சில் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர் முன்னால் நின்று கேட்டார். குழுவாகப் பிரித்தால் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அரைகுறை ஆங்கிலத்தையே கேட்க நேரும், ஆசிரியரிடமிருந்து வரும் நல்ல ஆங்கிலம் குறைந்துவிடும் என்பது அவர்கள் கணிப்பு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பழைய கால வகுப்பு போலத்தான் தெரிந்திருக்கும்.

நாம் வந்த வழியை இதோடு வைத்துப் பாருங்கள். ரிஷிவேலியில் உருவான முறையை ஒட்டி, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. வருகைப் பதிவைத் தாங்களே குறித்தார்கள், வரைந்ததைக் கம்பிப் பந்தலில் தொங்கவிட்டார்கள். ஆசிரியரின் கையில் பிரம்பு இல்லாமல் வகுப்பு நடக்கும் என்று அந்தக் காலம் காட்டியது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் ஆங்கிலத்தில் என்ன நடந்தது? பாடப்படிகளைக் காட்டும் ஏணிப்படியில் அடுத்த சின்னத்துக்குப் போக அட்டையைப் பார்த்து நோட்டில் எழுதிக் காட்டினால் போதும் என்று பல இடங்களில் ஆகிவிட்டது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தபோது மனவரைபடம் வந்தது. ஆங்கிலப் பாடத்தில் உள்ள சொற்களைப் பிள்ளைகள் அப்படியே எடுத்து வட்டத்துக்குள் எழுதிக் கோடு இழுத்தார்கள். குழுவில் நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளை எழுதும், மற்ற நால்வர் வண்ணம் தீட்டுவார்கள். ஆய்வுக்கு வருபவருக்கு வகுப்பு கலகலப்பாகத் தெரியும். ஐந்து பேரில் நால்வரின் மனம் ஆங்கிலத்தைத் தொடவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

குழுவேலை கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும் மற்றவரிடம் இல்லாத ஒரு துண்டு விவரம் இருந்து, எல்லாம் சேர்ந்தால்தான் விடை வரும் என்றால் குழு தானாகவே வேலை செய்யும். அப்படி ஒரு தேவை இல்லாமல் பெஞ்சைத் திருப்பிப் போட்டால் பெஞ்சு மட்டும்தான் திரும்பியிருக்கும்.

தமிழ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடும் தனியார் பள்ளிகளைப் பார்த்து, ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்த பிறகு நம் பள்ளிகளிலும் சிலர் அந்த வழிக்குப் போனார்கள். பெங்களூர்த் திட்டத்தில் தாய்மொழியைத் தடுக்கவில்லை. சிக்கலைப் பற்றித் தமிழில் யோசித்து, பக்கத்துப் பையனிடம் தமிழில் கேட்டு, விடையை ஆங்கிலத்தில் சொல்லும் பிள்ளை கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. அந்த 'சண்டே' பெண்ணைத் தமிழில் பேசக்கூடாது என்று உட்கார வைத்திருந்தால் அந்தப் பாடமே இல்லை. ஆசிரியரான நீங்கள் இயன்றவரை ஆங்கிலத்தில் பேசுங்கள். பிள்ளைக்கு அந்தக் கட்டாயம் வேண்டாம்.

இரண்டு, மூன்று வகுப்புகளை ஒன்றாக வைத்துக்கொண்டு தவிக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு வேறொரு அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறேன். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் சில்வியா ஆஷ்டன்-வார்னர். அங்கே கொடுக்கப்பட்ட வாசிப்புப் புத்தகங்களில் இருந்த வீடும் தோட்டமும் அப்பா அம்மாவும் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் இல்லை. அவர் தினமும் ஒவ்வொரு பிள்ளையிடமும், 'உனக்கு இன்று என்ன சொல் வேண்டும்?' என்று கேட்டார். பேய் என்பான் ஒருவன், முத்தம் என்பாள் ஒருத்தி. கேட்ட சொல்லைத் தடித்த அட்டையில் பெரிதாக எழுதிக் கையில் கொடுத்துவிடுவார். மறுநாள் அந்த அட்டையைப் பிள்ளை அடையாளம் கண்டால் அது அதன் சொல். காணாவிட்டால் அது அந்தப் பிள்ளைக்கு முக்கியமான சொல் இல்லை என்று அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார். 1963இல் வெளிவந்த 'டீச்சர்' என்ற நூலில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்.

இதற்குச் செலவு கிடையாது. கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கம் போதும். எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து வைத்திருக்கிறீர்கள். அரும்பு நிலைப் பிள்ளையிடம் ஒரு நாள் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஆப்பிளும் பந்தும் பூனையும் வராது. புல்லட், பரோட்டா, ஜேசிபி, போலீஸ், தங்கச்சிப் பாப்பா என்றுதான் வரும். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள். 'ஜேசிபி' என்ற மூன்று எழுத்தை மறக்கிற பையனை நான் இதுவரை பார்த்ததில்லை.

இனி இந்த முறைகளின் குறைகளுக்கு வருகிறேன். பெங்களூர்த் திட்டத்தை 1984இல் ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் மதிப்பிட்டார்கள். வேலைகளைச் செய்யும் தேர்வில் திட்ட வகுப்புப் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். கட்டமைப்பைச் சோதிக்கும் தேர்வில் பழைய முறையில் படித்தவர்களுக்குச் சாதகமான முடிவுகள் வந்தன. ஒப்பிடப்பட்ட வகுப்புகள் எல்லா வகையிலும் சமமானவை அல்ல என்று அந்தச் சோதனையின் அமைப்பைக் குறை சொன்னவர்களும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது.

கனடாவிலிருந்து வந்த செய்தி இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். கியூபெக் மாகாணத்தின் செயின்ட் லாம்பர்ட்டில் 1965இல் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குப் பாடம் முழுவதையும் பிரெஞ்சில் நடத்தத் தொடங்கினார்கள். பிரெஞ்சை ஒரு பாடமாகக் கற்பிக்காமல் பிரெஞ்சிலேயே மற்றப் பாடங்களைக் கற்பிக்கும் ஏற்பாடு அது. பிறகு கனடா முழுவதும் பரவியது. பல ஆண்டு படித்த அந்தப் பிள்ளைகள் பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் மிக நன்றாக இருந்தார்கள். பேச்சிலும் எழுத்திலும் அடிப்படை இலக்கணப் பிழைகள் போகவே இல்லை. மொழியியல் ஆய்வாளர் மெரில் ஸ்வெயின் 1985இல் இதற்குச் சொன்ன காரணம்: அவர்கள் கேட்டார்கள், புரிந்துகொண்டார்கள், ஆனால் தாங்களே நீளமாகவும் துல்லியமாகவும் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வரவில்லை.

ஆகவே பொருளில் மனம் இருந்தாலே எல்லாம் வந்துவிடும் என்று நான் உங்களிடம் சொல்லப்போவதில்லை. பேருந்துப் பாடம் முடிந்த பிறகு பத்து நிமிடம் எடுத்து, பிள்ளைகள் சொன்ன மூன்று நான்கு வாக்கியங்களைப் பலகையில் எழுதுங்கள். 'பஸ் கம்', 'பஸ் கம்ஸ்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். தாங்கள் சொல்ல முயன்று திணறிய வாக்கியம் என்பதால் அந்த 'எஸ்' இப்போது அவர்கள் கண்ணில் படும். இலக்கணம் வேண்டும். அதை வேலைக்குப் பின்னால் வையுங்கள், முன்னால் வேண்டாம்.

உங்களிடமிருந்து வரும் எதிர்ப்புகளில் இரண்டுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். போர்ஷன் முடியாது என்பது முதலாவது. பத்தாம் வகுப்பில் அது உண்மை. அந்த வகுப்பு ஆசிரியரை இதற்காக வருத்த எனக்கு மனமில்லை. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் பொதுத்தேர்வு இல்லை. வாரத்தில் ஒரு பீரியட் அங்கே கிடைக்கும். அந்த மூன்றாண்டில் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லப் பழகிய பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பில் அந்த மூன்று வரி மெட்டீரியல் தேவைப்படாது.

இரண்டாவதை யாரும் மேடையில் சொல்வதில்லை, தனியாகத்தான் சொல்வார்கள்: 'எனக்கே ஆங்கிலம் சரளமாக வராது, பாடம் முழுவதும் எப்படிப் பேசுவது?' இந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். பெங்களூர்த் திட்டத்தைப் பின்னர் ஆராய்ந்த பெரெட்டாவும், வழக்கமான பள்ளி ஆசிரியர்களில் பலர் இந்த முறையை முழுமையாகக் கையாளச் சிரமப்பட்டதாகவே எழுதினார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு வேலை, உங்களுக்கு வேண்டிய ஆங்கிலத்துக்கு எல்லை போட்டுவிடுகிறது. பேருந்து அட்டவணைக்கு வேண்டியது எப்போது, எவ்வளவு நேரம், எந்த வண்டி, முடியுமா, ஏன் என்ற ஐந்தாறு கேள்விகள். முந்தைய நாள் இரவு அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தாளைப் பார்த்துக் கேட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒரு கவிதையின் நயத்தை நாற்பது நிமிடம் ஆங்கிலத்தில் விளக்குவதைவிட இது எவ்வளவோ எளிது. அடுத்த வாரம் வேறு அட்டவணையோடு அதே கேள்விகள் வரும்போது உங்களுக்கும் பழகியிருக்கும்.

பிரபு 1990இல் எழுதிய கட்டுரை ஒன்றில், எல்லோருக்கும் சிறந்த கற்பித்தல் முறை என்று ஒன்று கிடையாது என்றார். தான் செய்வது ஏன் பலன் தருகிறது என்று ஆசிரியருக்கே உள்ளூரப் புரிந்திருக்க வேண்டும், அந்தப் புரிதல் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். தன் பெயரோடு பேசப்பட்ட ஒரு முறையைப் பற்றியே அவர் இப்படி எழுதினார். நமக்கு ஒவ்வொரு முறையும் சுற்றறிக்கையாக வருகிறது. பெட்டியோடு வருகிறது, படிவத்தோடு வருகிறது, அடுத்த திட்டம் வந்ததும் பெட்டி பீரோவுக்குப் போகிறது. நான் சொல்வதையும் அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். வட்டார வள மையப் பயிற்சியாளர்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே: தயவுசெய்து இதைப் படிவமாக்கிவிடாதீர்கள். எந்தப் பள்ளி எந்த வாரம் எந்த வேலையைச் செய்தது என்று பதிவேற்றச் சொன்னால், பிள்ளையின் மனத்தைப் பார்க்க வேண்டிய ஆசிரியர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆசிரியர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளக்கூடியது ஒன்று உண்டு. குறுவள மையக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வகுப்பில் நடத்திய இரண்டு தாள்களைக் கொண்டுவாருங்கள், நன்றாக ஓடியது ஒன்று, ஓடாதது ஒன்று. ரேஷன் கடைப் பட்டியல், கோயில் திருவிழா நிகழ்ச்சி நிரல், கபடிப் போட்டி அட்டவணை, உழவர் சந்தை விலைப்பலகை, எதுவாகவும் இருக்கலாம். பிள்ளைகள் எழுதிய விடைகளோடு கொண்டுவாருங்கள். திருத்தி அழகாக்க வேண்டாம். பாதிப் பேர் பாதியைச் செய்தார்களா என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியரோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். ஓடாத தாளில் எண்ணை மாற்றினால் போதுமா, கேள்வியை மாற்ற வேண்டுமா என்று பேசுங்கள். பிறகு தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு ஒன்றியத்தில் பத்துப் பேர் இப்படிச் செய்தால் அடுத்த பருவத்துக்கு உங்கள் எல்லோர் கையிலும் இருபது பாடங்கள் இருக்கும், அத்தனையும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் சோதித்தவை.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்
கடலூர் மாவட்டம்